திரும்பவும் பயன்படும் பெட்டி

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். பல்செட்காரர் கெட்டது ஒரு பெட்டியைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்லப்போய். பேசாமல் நின்றிருந்தால் அன்று மத்தியானமே படத்தை வாங்கிக்கொண்டு வீடு திரும்பியிருப்பார். ஊரார் வாய்க்கெல்லாம் பல் செய்கிற மனிதருக்குத் தன் வாயைக் காக்கத் தெரியவில்லை.

தொழிலே அவருக்குப் பெயராகிவிட்டது. பல் டாக்டர்கள் நோயாளியின் வாயில் அச்சு எடுத்து அனுப்புவார்கள். அதற்குப் பொருத்தமாக அவர் பொய்ப்பல் வரிசை செய்து கொடுப்பார். மனைவி ஓவியம் வரைகிறவள். வரைந்ததில் விற்றது கொஞ்சம், கேட்டவர்களுக்குத் தூக்கிக் கொடுத்தது மிச்சம். ஒன்றை மட்டும் யாருக்கும் கொடுத்ததில்லை. அது அவர்களுடைய ஒரே மகள் தூங்குகிற படம். பாப்பா பள்ளிக்கூடம் சேர்ந்த வருஷமே காய்ச்சலில் போய்விட்டாள். புகைப்படங்கள் இருக்கின்றன, அவற்றிலெல்லாம் கேமராவுக்குப் பயந்து முழிக்கிறாள். பாப்பா பாப்பாவாக இருப்பது அந்தப் படத்தில்தான்.

வெளிநாட்டு ஓவியக் கூடம் ஒன்று கெஞ்சிக் கேட்டு, கண்காட்சிக்காக அதை இரவல் வாங்கிப் போயிருந்தது. படம் அங்கே சுவரில் தொங்கிக்கொண்டிருந்த நாளில் இங்கே மனைவிக்குக் கண் மங்க ஆரம்பித்தது. நரம்பு வாடுகிறது, மருந்து கிடையாது, சீக்கிரமே முழுக்கப் போய்விடும் என்று கண் டாக்டர் சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டார். அவள் அழவில்லை.

“பாப்பா படத்தை வரவழைச்சிடுங்க. ஒரு தடவை நல்லா பாத்து மனசுல ஏத்திக்கறேன். அப்புறம் கண்ணு போனா போகட்டும்” என்றாள்.

ஓவியக் கூடத்துக்காரர்கள் நல்லவர்கள். விஷயம் தெரிந்ததும் கண்காட்சி முடியும்வரை காத்திராமல் படத்தைக் கழற்றி, நாடு நாடாகப் படம் அனுப்பவென்று தாங்கள் வைத்திருந்த பெட்டியொன்றில் வைத்து அனுப்பினார்கள். அவர்கள் செய்த உதவியில் உபத்திரவம் அந்தப் பெட்டிதான்.

சுங்கக் கிடங்கில் சோதனை அதிகாரி இளவயது, மரியாதையான ஆள். தாள்களைப் பார்த்தார், தலையாட்டினார், முத்திரையைக் கையில் எடுத்தார். எடுத்தவர் சும்மா இருக்காமல் பெட்டியை விரலால் தட்டிப் பார்த்தார்.

“பெட்டி பலமா இருக்கே?”

“பலமாவா!” பல்செட்காரருக்கு முகம் மலர்ந்துவிட்டது. நல்ல வேலைப்பாட்டைக் கண்டால் அவருக்கு நாக்கு நிற்காது. “ஓரமெல்லாம் ரப்பர் பாருங்க, ஈரம் உள்ள போகாது. உள்ளே நுரை மெத்தை. மாடியிலேருந்து தள்ளினாலும் சாமான் அசையாது. எத்தனை தடவை வேணும்னாலும் இதுல வெச்சு அனுப்பலாம் சார்.”

முத்திரை அந்தரத்தில் நின்றது.

“எத்தனை தடவை வேணும்னாலுமா?”

“என் காலத்துக்கு அப்புறமும் உழைக்கும்.”

“அதைக் கொஞ்சம் எழுதித் தர முடியுமா?”

பெட்டி செய்தவனுக்கு யாரோ பாராட்டு அனுப்பப்போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு, அடித்தல் திருத்தல் இல்லாமல் அழகாக எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். அதிகாரி முத்திரையை மேசைக்குள் வைத்துப் பூட்டினார். “மூணாவது மாடி. வகைப்பாட்டுப் பிரிவு” என்றார். அவர் குரலில் ஓர் இரக்கம் இருந்ததைப் பல்செட்காரர் படியேறும்போதுதான் யோசித்தார்.

மூன்றாவது மாடி முழுக்க ஒரே நீள வராந்தா. ஜன்னல் கண்ணாடிகளுக்கு வெள்ளை வர்ணம் அடித்திருந்ததால் வெளியே வெயிலா மழையா என்று தெரியாது. சுவரோரம் பெஞ்சுகள், பெஞ்சுகளில் மனிதர்கள். யாரும் யாரோடும் பேசவில்லை. ஒரே ஒருவர் மட்டும் சட்டைக்கு மேல் அலுவலகத்தின் சாம்பல் நிறக் கோட்டை மாட்டிக்கொண்டு எல்லாருக்கும் தேநீர் ஊற்றிக்கொண்டு வந்தார்.

“புதுசா? உக்காருங்க. நான் வயலின்காரன்” என்றார். “வயலினை எடுத்துட்டுப் போகத்தான் வந்தேன். உறை பாஸாயிடுச்சு. வயலின் இன்னும் ஆகல.”

“எவ்வளவு நாளா?”

வயலின்காரர் அவருக்கும் ஒரு கோப்பை ஊற்றிக் கொடுத்தார். “பழகிடும் சார்” என்று சொல்லிவிட்டு அடுத்த பெஞ்சுக்குப் போனார். அவருடைய விரல் நுனியில் காய்ப்பு எதுவும் மிச்சமில்லை.

பிரிவின் கண்காணிப்பாளர் பெரிய உருவம், சின்னக் குரல். மேல்வரிசைப் பல் பொய்ப்பல், அதுவும் தளர்ந்துபோனது. முக்கியமான வார்த்தை வருவதற்குமுன் அது ‘டக்’ என்று விழுந்து எழுந்தது. பல்செட்காரர் அந்தச் சத்தத்தைக் கேட்டே, எந்த இடத்தில் தேய்மானம் என்று சொல்லிவிடுவார். இந்தத் தடவை வாயைத் திறக்கவில்லை.

“சாதாரண அட்டைப்பெட்டி இருக்கே, அதுக்குன்னு ஒரு வாழ்க்கை கிடையாது சார். சாமானோட வரும், குப்பைக்குப் போகும். அதை நாங்க ஏறெடுத்தும் பாக்கறதில்ல. ஆனா இது திரும்பவும் பயன்படப்போற பெட்டி. உங்க படத்தைச் சுமந்துக்கிட்டு வந்தது தற்செயல். நாளைக்கு வேற எதையோ சுமக்கும். இப்படிப்பட்ட பெட்டியைச் சட்டம்” – டக் – “தனிச் சரக்கா மதிக்குது.”

“தாராளமா மதிக்கட்டும் சார். வரி என்னவோ அதைக் கட்டிடறேன்.”

“எந்த வரி? மரச்சாமானுக்கு உண்டானதா, பயணப் பெட்டிக்கு உண்டானதா, ரப்பருக்கு உண்டானதா? அது தெரியாம உங்ககிட்ட கை நீட்டினா, நாங்க அதிகாரியா, பிச்சைக்காரனா?”

“அப்போ பெட்டியை நீங்களே வெச்சுக்குங்க. ஓவியக் கூடத்துக்கு நான் பதில் சொல்லிக்கறேன். படத்தை மட்டும் கொடுங்க.”

கண்காணிப்பாளர் வருத்தமாகச் சிரித்தார். குழந்தை தீயில் கை வைக்கப் போவதைப் பார்க்கிற சிரிப்பு. “பெட்டியை விட்டுட்டா, படம் பெட்டியில்லாம வந்த சரக்கு ஆயிடும். பெட்டியில்லாம ஒரு படமும் இந்தக் கிடங்குக்கு வரலையே! வராத படத்தை நான் எங்கேயிருந்து எடுத்துக் கொடுக்கறது?”

பல்செட்காரர் தாள்களை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு படியிறங்கினார்.

வீட்டில் மனைவி இதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். அப்போது அவளுக்கு எதிரில் நிற்பவரின் முகம் தெரிந்துகொண்டிருந்தது; ஓரங்கள்தான் கரைந்திருந்தன. “வரியைக் கட்டறேன்னா வேணாங்கறாங்க. இப்படிப்பட்ட நல்லவங்களை எங்கே பாக்க முடியும்?” என்றாள். அடுத்த முறை போய் வந்து சொன்னபோது பாதி சிரித்தாள். அதற்கடுத்த முறை, “இன்னிக்கும் இல்லையா?” என்று மட்டும் கேட்டாள்.

அதற்குப் பிறகு நடந்தது பெட்டிச் சோதனை. பெட்டி திரும்பவும் பயன்படும் என்று பல்செட்காரர் எழுதிக் கொடுத்தது வெறும் வாய்மொழிக்குச் சமம். அலுவலகம் அதைத் தானே பயன்படுத்திப் பார்த்துத் திருப்தியடைய வேண்டும் என்று விதி. ஆகவே படத்தை வெளியே எடுத்து ஓர் அறையில் சாய்த்துவிட்டு, பெட்டியைப் பயன்படுத்த ஆரம்பித்தார்கள். முதலில் பழைய கோப்புகள் அதில் ஏறி மாடிக்குப் போயின. பிறகு பழுதான மின்விசிறிகள். பிறகு கண்காணிப்பாளர் வீடு மாறினார். அவர் வீட்டுக் கண்ணாடிப் பாத்திரங்கள் அத்தனையும் அதில்தான் போயின. ஒரு கிண்ணத்தில்கூடக் கீறல் விழவில்லை. அவர் மனைவிக்குப் பெட்டி ரொம்பப் பிடித்துவிட்டதால் சோதனை நீட்டிக்கப்பட்டது.

“பிரமாதமான பெட்டி சார்” என்று கண்காணிப்பாளர் பல்செட்காரர் கையைப் பிடித்துக் குலுக்கினார். “நீங்க எழுதிக் கொடுத்தது அத்தனையும் உண்மை. உங்களை மாதிரி உண்மை பேசறவங்க வந்தா எங்க வேலை சுலபம்.”

“சார், அதுவரைக்கும் என் மனைவியாவது வந்து படத்தை ஒரு தடவை பாத்துட்டுப் போகட்டுமே. அவளுக்குக் கண்ணு போயிட்டிருக்கு. தொடக்கூட மாட்டா. தூரத்துல நின்னு பாத்தா போதும்.”

பக்கத்து மேசையில் எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை மூடினார்.

“சார்” என்றார் கண்காணிப்பாளர். சின்னக் குரல் இன்னும் சின்னதானது. “சோப்பு வந்து கிடங்குல கிடக்குதுன்னு வைங்க. வரி தீராம, ஒரு தடவை குளிச்சுப் பாத்துக்கறேன்னு ஒருத்தர் கேட்டா விடுவோமா? சோப்போட பயன் குளிக்கறது. படத்தோட பயன் என்ன? பாக்கறது. பாத்துட்டா பயன்படுத்தியாச்சு. பயன்படுத்தின சரக்கு பழைய சரக்கு. வரிப் புத்தகத்துல பழைய சரக்குக்கு வேற அத்தியாயம்.”

“ஆனா உங்க ஆளுங்க பாத்திருப்பாங்களே?”

“யார் பாத்தது?” டக். “பேர் சொல்லுங்க, நடவடிக்கை எடுக்கறேன்.”

அப்போதுதான் பல்செட்காரருக்குப் புரிந்தது. வராந்தாக் கோடியில் இரண்டு சிப்பந்திகள் எதையோ துணி போர்த்தி, இருவருமே முகத்தைத் திருப்பிக்கொண்டு, சுவரில் இடித்து இடித்துத் தூக்கிப் போனதை அவர் பார்த்திருந்தார். அது பாப்பா. துணி விலகியபோது எட்டிப் பார்த்த ஒருவன்மேல் விசாரணை நடக்கிறது என்று வயலின்காரர் பிறகு சொன்னார். அவன் பார்த்துவிட்டு, “பாவம், தூங்குது” என்று வேறு சொல்லித் தொலைத்திருக்கிறான். அதுதான் சாட்சி.

மனுவாக எழுதிக் கொடுத்தால் பரிசீலிக்கலாம் என்றார் கண்காணிப்பாளர். எழுதிக் கொடுத்தார். மனு பரிசீலனையில் உட்கார்ந்தது.

கையாலாகாத மனிதன் தன் கைத்தொழிலைத்தான் நம்புவான். ஒரு நாள் பல்செட்காரர் தன் சின்னக் கருவிப் பையோடு போனார். “சார், தப்பா நினைக்காதீங்க. மேல்வரிசை தளர்ந்திருக்கு. கொடுத்தீங்கன்னா இங்கேயே சரி பண்ணிடறேன்.”

கண்காணிப்பாளர் யோசித்தார். “இது லஞ்சம் ஆகுமா?” என்று பக்கத்து மேசையைக் கேட்டார். பக்கத்து மேசை புத்தகத்தைப் புரட்டியது. பல் ஏற்கனவே அதிகாரியிடம் இருந்ததுதான், புதிதாக எதுவும் கைமாறவில்லை என்று முடிவாயிற்று. பொக்கை வாயோடு கண்காணிப்பாளர் காத்திருந்தபோது, அவரும் யாரோ ஒருவருடைய தாத்தா மாதிரிதான் இருந்தார். பல்செட்காரருக்கு அந்த ஒரு கணம் நம்பிக்கை வந்தது. தேய்த்தார், ஒட்டினார், பொருத்திக் கடித்துப் பார்க்கச் சொன்னார். கச்சிதமாக உட்கார்ந்தது.

பல் சரியானதும் தீர்ப்பும் தெளிவாக வந்தது.

“ரெண்டுல எது முக்கியச் சரக்கு, எது துணைச் சரக்குன்னு நிர்ணயம் பண்ணியாச்சு. ரெண்டையும் எடை போட்டோம். பெட்டிதான் கனம். உழைப்புன்னு பாத்தாலும் பெட்டி திரும்பவும் பயன்படுது. படம் சும்மா தூங்குது. ஆகவே பெட்டிதான் சரக்கு. படம், பெட்டி வெறுமையா குலுங்காம இருக்க உள்ளே வெச்ச திணிப்பு.” ஒரு டக் கூட இல்லாமல், கோர்வையாக, நல்ல உச்சரிப்பில் சொல்லி முடித்தார்.

“திணிப்பா? சார், அது எங்க பொண்ணு.”

“வருத்தமாத்தான் இருக்கு. ஆனா உணர்ச்சிக்கு எங்ககிட்ட அத்தியாயம் இல்லையே. வைக்கோல், காகிதச் சுருள், மரத்தூள் – இந்த வரிசையில வரும். பெட்டியை இனி எடுத்துட்டுப் போக என் மனைவி… அதாவது சோதனை முடிஞ்சதும், தடையில்ல.”

“திணிப்பை என்ன பண்ணுவீங்க?”

“அதுக்கு வேற பிரிவு இருக்கு” என்றார். அந்தப் பிரிவு எந்த மாடியில் என்று கேட்டதற்கு, பொதுமக்கள் போகும் இடமல்ல என்றார். பல்செட்காரர் மேல்முறையீடு என்று வாயெடுத்தார். செய்யலாம், அதையும் தன்னிடமே கொடுக்க வேண்டும் என்றார் கண்காணிப்பாளர். கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து ‘திணிப்பு’ என்ற வார்த்தையை அவர் மனைவியிடம் சொல்லவில்லை. கல்யாணமான நாள்முதல் அவளிடம் மறைத்த பெரிய விஷயம் அதுதான். மேல்முறையீடு நல்லபடியாகப் போகிறது என்றார்.

ஒரு காலை அவள் வர்ணக் குழாய்களை மேசையில் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வெயில் நேராக அவள் கைமேல் விழுந்திருந்தது. ஒரு குழாயை எடுத்து அவர் பக்கம் நீட்டினாள்.

“ஏங்க, இது என்ன கலர்?”

“நீலம்.”

“இது?”

“அதுவும் நீலம்தாம்மா. கொஞ்சம் வெளிர்.”

அவள் தடவித் தடவி இரண்டையும் மூடி, வர்ணப் பெட்டியில் வைத்தாள். “சரி” என்றாள். பிறகு, “இனிமே அங்க போயி அலையாதீங்க. கால் வலிக்கும்” என்றாள். பல்செட்காரர் பட்டறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, வாய்விட்டு அழுதார். செய்து வைத்த பல் வரிசைகளெல்லாம் அலமாரியிலிருந்து அவரைப் பார்த்து இளித்துக்கொண்டிருந்தன.

அவள் போக வேண்டாம் என்று சொன்னாலும் அவர் போனார். சண்டை போடப் போனார். வாழ்க்கையில் முதல் தடவையாக ஓர் அதிகாரியின் மேசையைக் கையால் அடித்தார்.

“ஒரு தடவை பாத்துட்டுப் போயிடறோம்னு சொன்னோமே, அதுகூட நடக்காம பண்ணிட்டீங்களே! அவளுக்கு இப்போ ஒண்ணுமே தெரியல. முழுக்கப் போயிடுச்சு!”

கண்காணிப்பாளர் எழுந்தே நின்றுவிட்டார். முகத்தில் உண்மையான சந்தோஷம். “முழுக்கவா? டாக்டர் சீட்டு இருக்கா?”

“இருக்கு… எதுக்கு?”

“எதுக்கா! உங்க மனு இத்தனை நாளா எதுல சிக்கிக் கிடந்தது? பாத்துடுவாங்களேன்னுதானே? இப்போ அந்தத் தடை நீங்கிடுச்சே. சார், நிலுவையில இருக்கற மனுவை மூடாம நாங்க வருஷக் கணக்கை மூட முடியாது. எனக்கு ராத்திரியெல்லாம் தூக்கம் இல்ல. கூட்டிட்டு வாங்க! நாளைக்கே கூட்டிட்டு வாங்க!”

அவளிடம் சொன்னால் மறுத்துவிடுவாள் என்று பல்செட்காரர் நினைத்தார். அவள் மறுக்கவில்லை. நல்ல துணி உடுத்தி, தலை வாரி, வாசலில் அவருக்கு முன்பே வந்து நின்றாள். “பாக்கத்தான் முடியாது. பக்கத்துல உக்காரலாம் இல்லையா?” என்றாள்.

அலுவலகம் அன்று பிரமாதமாக நடந்துகொண்டது. அவளுக்கு நாற்காலி, குடிக்கத் தண்ணீர். வராந்தாவில் எல்லாரும் எழுந்து வழிவிட்டார்கள். வயலின்காரர் அவள் கையைப் பிடித்து உள்ளறைக்குக் கூட்டிப் போனார். தொடக்கூடாது, அது ஒன்றுதான் நிபந்தனை. பல்செட்காரர் பின்னாலேயே போனபோது கண்காணிப்பாளர் கதவில் கையை வைத்து மறித்தார்.

“நீங்க இருங்க. உங்களுக்குக் கண் தெரியும்.”

கதவு சாத்திக்கொண்டது. உள்ளே பெட்டி மூடியின் கொக்கிகள் திறக்கும் சத்தம் கேட்டது.

கண்காணிப்பாளர் பல்செட்காரரின் தோளில் கை போட்டு, கதவிலிருந்து இரண்டடி தள்ளி நிறுத்தினார். “உங்ககிட்ட மறைக்கறது தர்மம் இல்ல. உள்ளே பெட்டி மட்டும்தான் இருக்கு.”

“என்னது?”

“வெளிநாட்டுத் திணிப்புல பூச்சி வரும் சார். வைக்கோல் ஆகட்டும், மரத்தூள் ஆகட்டும், எரிச்சுடணும்னு விதி. தீர்ப்பு வந்த வாரமே எரிச்சாச்சு. ஆனா மனு நிலுவையில இருக்கு, அந்தம்மாவும் பாவம். என்ன பண்றதுன்னு நாங்க எல்லாரும் உக்காந்து யோசிச்சோம். அவங்களுக்கு வித்தியாசம் தெரியப்போறதில்ல. நாங்களும் மனுஷங்கதானே?” அவர் கண்கள் லேசாகக் கலங்கியிருந்தன. அதுதான் பல்செட்காரரை நடுங்க வைத்தது.

கதவை உடைத்துக்கொண்டு உள்ளே போக வேண்டும், அவளை இழுத்துக்கொண்டு வெளியே வர வேண்டும் என்று அவர் பாய்ந்தார். கைப்பிடியில் கையும் வைத்துவிட்டார். அப்போது உள்ளேயிருந்து அவள் குரல் கேட்டது.

“தம்பி, பாப்பா காதுக்கு நான் என்ன கலர் கொடுத்திருக்கேன்? கொஞ்சம் பாத்துச் சொல்றீங்களா? ஞாபகம் வர மாட்டேங்குது.”

உள்ளே ஒரு கணம்கூடத் தாமதம் இல்லை. “சிவப்பும்மா” என்றது வயலின்காரரின் குரல். “லேசான சிவப்பு. வெளிச்சம் பட்ட மாதிரி.”

“அப்படியா? அப்போ சரியாத்தான் கொடுத்திருக்கேன்.”

“நல்ல மனுஷன்” என்று கண்காணிப்பாளர் காதோரம் சொன்னார். “அடுத்த மாசம் நிரந்தரம் பண்ணிடலாம்னு இருக்கோம்.”

பல்செட்காரர் கைப்பிடியிலிருந்து கையை எடுத்தார்.

வெளியே வந்தவளின் முகத்தை அவர் எத்தனையோ காலமாக அப்படிப் பார்த்ததில்லை. மனைவி அவர் தோளைத் தேடிப் பிடித்துக்கொண்டாள். “பாப்பா அப்படியே இருக்கா. ஒரு கீறல்கூட இல்லையாம். ஏங்க, அடுத்த வாரமும் வரலாமான்னு கேளுங்களேன்?”

கண்காணிப்பாளர் பல்செட்காரரைப் பார்த்துக் காத்திருந்தார். பக்கத்து மேசையும் பார்த்தது. வராந்தா முழுவதும் பார்த்தது.

“வரலாம்மா” என்றார் பல்செட்காரர்.

அடுத்த வாரம் வயலின்காரருக்கு வேறு மாடியில் வேலை. நீங்களே கூட்டிப் போங்கள் என்று சொல்லிக் கண்காணிப்பாளர் கதவைத் திறந்துவிட்டார். போகலாமா என்று தயங்கியவரிடம், “தாராளமா. நீங்க பாக்கறதுக்குத்தான் அங்க இப்போ எதுவும் இல்லையே” என்று தாழ்ந்த குரலில் சொன்னார்.

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். அவர் கொக்கிகளைத் திறந்து மூடியைத் தூக்கினார். நுரை மெத்தையில் யாரோ வீட்டுக் கிண்ணத்தின் வட்டத் தழும்பு ஒன்று இருந்தது.

“பாப்பாவோட கை எங்கே இருக்கு, சொல்லுங்க” என்றாள் அவள்.

அவர் பெட்டிக்குள் நன்றாகக் குனிந்து பார்த்துவிட்டு, “கன்னத்துக்கு அடியிலம்மா” என்றார்.